இடக்கைக்கு ஓய்வு தந்த வண்டி

2021ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு திங்கட்கிழமைக் காலை, வேலூர் பாகாயத்தில் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு, கிரீன் சர்க்கிளைத் தாண்டி நெடுஞ்சாலையைத் தொடும் வரை என் இடக்கை எத்தனை முறை கிளட்சைப் பிடிக்கிறது என்று எண்ணிக்கொண்டே வண்டி ஓட்டினேன். தொரப்பாடியில் பள்ளிப் பேருந்துகள், வேலப்பாடியில் காய்கறி வண்டிகள், கோட்டையைச் சுற்றி ஆட்டோக்கள், சி.எம்.சி. வாசலில் எந்த நேரமும் குறையாத நோயாளிகள் கூட்டம் என்று நின்று நின்று போனதில் கணக்கு 143இல் முடிந்தது. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே என் இடது கட்டைவிரலின் அடியில் வலி தொடங்கியிருந்தது. தண்ணீர்ச் சொம்பைக்கூட அந்தக் கையால் தூக்க முடியாத நிலை வந்தபோது, தசைநாணின் உறை வீங்கியிருக்கிறது என்றும் அந்தக் கைக்கு வேலையைக் குறைக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். 15 ஆண்டுகளாக கியர் வண்டி ஓட்டிய பழக்கத்தை விடுவதற்கு மனம் ஒப்பவில்லை. அந்த 143 என்ற எண்தான் ஒப்ப வைத்தது.

என் வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில். வீட்டிலிருந்து ஒரு வழிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதில் முதல் எட்டு கிலோமீட்டர் ஊருக்குள் ஊர்ந்து போவது. மிச்சம் முழுவதும் சத்துவாச்சாரி, ரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடு என்று சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போவது. ஊருக்குள் கியர் இல்லாத ஸ்கூட்டர் வேண்டும். நெடுஞ்சாலையிலோ, வழக்கமான 110 சிசி ஸ்கூட்டரின் சிறு சக்கரங்களோடு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு லாரி கடந்தால் வண்டி பக்கவாட்டில் தள்ளப்படுவதை என் மனைவியின் ஸ்கூட்டரில் பலமுறை உணர்ந்திருக்கிறேன். இரண்டு சாலைக்கும் பொருந்துகிற ஒரே வண்டி தேவைப்பட்டது. அப்படித் தேடித்தான் மேக்ஸி ஸ்கூட்டர் என்ற வகைக்கு வந்து சேர்ந்தேன்.

மேக்ஸி ஸ்கூட்டர் என்பது புதிய சரக்கு அன்று. ஹோண்டா 1986இலேயே 250 சிசியில், கால்களை முன்னே நீட்டி உட்காரும் நீளமான ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. 1995இல் யமஹா மெஜஸ்டி, 1998இல் சுசுகி பர்க்மேன், 2001இல் 500 சிசி இன்ஜினோடு டிமேக்ஸ் என்று இவை வளர்ந்து, ஐரோப்பாவில் அலுவலகத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஒரே வண்டியாக நிலைத்துவிட்டன. இந்தியாவில் 2006இல் கைனெடிக் நிறுவனம் 165 சிசியில் பிளேஸ் என்ற ஸ்கூட்டரை விற்றது. காலத்துக்கு முந்திய முயற்சி அது, நிலைக்கவில்லை. 2018இல் வந்த பர்க்மேன் ஸ்ட்ரீட்டுக்கு உடல் பெரியது, இன்ஜின் 125 சிசிதான். அதன்பின் ஏப்ரிலியா எஸ்எக்ஸ்ஆர் 160, 2021இல் யமஹா ஏராக்ஸ் 155, 2025இல் ஹீரோ ஜூம் 160 என்று வரிசை நீண்டது. அதே 2021இல் வந்த பிஎம்டபிள்யூ சி 400 ஜிடி 350 சிசி இன்ஜின் கொண்ட அசல் மேக்ஸி. விலை 10 லட்சத்தை ஒட்டி இருந்ததால் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர் அதைப் படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஐரோப்பியர் கண்ணுக்கு நம் 155 சிசி வண்டிகள் பெரியவையாகத் தெரியாமல் இருக்கலாம். நம் சாலைக்கும் நம் வருமானத்துக்கும் இவையே பெரிய ஸ்கூட்டர்கள் என்பது என் கருத்து.

2022 தை மாதம் ஏராக்ஸை வாங்கினேன். 155 சிசி, 15 குதிரைத்திறன், தண்ணீரால் குளிரும் இன்ஜின், 14 அங்குலச் சக்கரங்கள், எடை 126 கிலோ. இந்த எண்களில் எனக்கு முக்கியமானவை சக்கரமும் குளிர்விப்பும்தான். 14 அங்குலச் சக்கரமும் 140 அகலப் பின் டயரும் சாலையின் பள்ளத்தில் விழாமல் அதன்மேல் உருண்டு போகின்றன. அக்னி நட்சத்திரத்தில் வேலூரின் வெயில் 40 பாகையைத் தாண்டும் நாட்களில், பழைய பேருந்து நிலையத்தருகே கால் மணி நேரம் நின்றாலும் ரேடியேட்டர் விசிறி ஓடி இன்ஜினைக் காப்பாற்றிவிடுகிறது.

வாங்கும் முன் வீட்டில் எழுந்த எதிர்ப்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நியாயமான எதிர்ப்பு. வழக்கமான ஸ்கூட்டரில் காலடியில் தட்டையான இடம் இருக்கும். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், மாட்டுத் தீவன மூட்டை என எதையும் அங்கே வைத்துக்கொண்டு போகலாம். மேக்ஸி ஸ்கூட்டரில் அந்த இடத்தின் நடுவே முதுகெலும்பு போல ஒரு மேடு ஓடுகிறது. வண்டியின் சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் நேராக ஓடுவதற்கு அந்த மேடுதான் காரணம். ஏராக்ஸில் பெட்ரோல் தொட்டியும் அதனுள்தான் இருக்கிறது, ஆகவே பெட்ரோல் போடச் சீட்டைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் ஆடிக் கிருத்திகைக்கு வேட்டி கட்டிக்கொண்டு ரத்தினகிரிக்குப் போகும்போது அந்த மேட்டைத் தாண்டிக் காலைப் போட்டு உட்காருவது சிரமம். புடவையோடு பின்னால் உட்காருபவருக்கு உயரமும் சரிவும் வசதியாக இல்லை என்பது என் மனைவியின் உறுதியான தீர்ப்பு. அவர் பழைய ஸ்கூட்டரையே வைத்துக்கொண்டார், வீட்டுச் சாமான்கள் இன்றும் அதில்தான் வருகின்றன. ஒரு வீட்டுக்கு இருக்கும் ஒரே வண்டியாக மேக்ஸி ஸ்கூட்டரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நெடுஞ்சாலையில் இதன் குணம் வேறு. கிரீன் சர்க்கிள் தாண்டியதும் 70–75 வேகத்தில் வைத்துவிட்டால், முழங்கால் மடங்காமல், முதுகு நிமிர்ந்து, இரண்டு கைகளும் தளர்ந்து உட்கார்ந்திருக்க முடிகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றைத் தொடும்போது வால்வுகளைத் திறக்கும் கேம் மாறிக்கொள்ளும்; லாரியை முந்தும் அந்தச் சில நொடிகளில் தேவைப்படும் உந்துதல் அங்கிருந்துதான் வருகிறது. கம்பெனி கொடுக்கும் முன்கண்ணாடி குட்டையானது என்பதால் உயரமான ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். நெஞ்சில் அறைந்த காற்று நின்றது. அந்தக் காற்று அப்படியே சுழன்று ஹெல்மெட்டின் நெற்றியில் மோதி இரைச்சலிட ஆரம்பித்தது. கண்ணாடியின் மேல் விளிம்பு மூக்கு உயரத்துக்கு வராமல் தாடைக்குக் கீழே நிற்கும்படி இரண்டு விரற்கடை வெட்டிய பிறகுதான் அந்த இரைச்சல் அடங்கியது. மழையில் கண்ணாடி வழியாகப் பார்க்க நேர்ந்தால் சாலை தெரியாது. அதற்கு மேலாகப் பார்க்கும் உயரமே சரியான உயரம்.

ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் இடையே பாலாற்றுப் பாலத்தில் ஆடி மாதக் காற்று பக்கவாட்டில் வரும். அகலமான முன்பக்கம் கொண்ட இந்த வண்டி அங்கே கியர் பைக்கைவிட அதிகமாகத் தள்ளாடுகிறது. கைப்பிடியை இறுக்கினால் தள்ளாட்டம் கூடும், தளர்த்தினால் வண்டி தானாக நேர்ப்படும். சாலையோரம் மணல் படிந்த இடங்களில் இடப்பக்கம் ஒதுங்காமல் இருப்பது நல்லது.

மேக்ஸி ஸ்கூட்டரின் பின்பக்கம் பள்ளத்தில் ஏன் இவ்வளவு கடுமையாக உதைக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பைக்கில் இன்ஜின் சட்டத்தோடு இருக்கும், பின் சக்கரம் மட்டும் மேலும் கீழும் ஆடும். ஸ்கூட்டரில் இன்ஜின், பெல்ட் பெட்டி, சக்கரம் மூன்றும் ஒரே கட்டாகச் சேர்ந்து ஆடுகின்றன. அவ்வளவு எடை ஒரு மேட்டில் எகிறி விழும்போது ஷாக் அப்சார்பரால் அதை முழுவதும் அடக்க முடிவதில்லை. டிமேக்ஸ் போன்ற விலையுயர்ந்த வண்டிகளில் இன்ஜினைச் சட்டத்தோடு பொருத்தியிருப்பது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். நம் வண்டிகளுக்கு மருந்து ஒன்றே ஒன்று: வேகத்தடைக்கு முன்பே பிரேக்கை விட்டுவிட்டு, பாதங்களில் பாரத்தைத் தாங்கிச் சீட்டிலிருந்து உடம்பைச் சற்றே தூக்குவது. டயரில் காற்றை மாதத்துக்கு ஒருமுறை அன்றி வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

இந்த வண்டியை ஓட்டுபவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியதை நான் ஏலகிரியில்தான் கற்றேன். வாங்கி மூன்று மாதமான நிலையில், சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு, தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டிய 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரு முறைகூட கியர் மாற்றாமல் ஏறி, மகிழ்ச்சியோடு இறங்கத் தொடங்கினேன். இறங்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடிவிட்டு பிரேக்கைப் பிடித்தபடியே வந்தேன். நான்காவது வளைவில் வண்டி யாரோ பின்னாலிருந்து தள்ளுவதைப் போல ஓடியது. ஏழாவது வளைவில் பின் பிரேக்கிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. லீவரை எவ்வளவு பிடித்தும் வேகம் குறையவில்லை. முன் பிரேக்கால் சமாளித்து ஓரமாக நிறுத்தி, பின் பிரேக்கின் டிரம் ஆறும் வரை அரை மணி நேரம் பாறை மேல் உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது என்னவென்று பிறகு ஒரு பழைய மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த வண்டியில் பற்சக்கர கியர்கள் இல்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு வி பெல்ட் ஓடுகிறது. இன்ஜின் பக்கத்துக் கப்பிக்குள் இருக்கும் ரோலர்கள் வேகம் கூடும்போது வெளிப்பக்கம் நகர்ந்து கப்பியை நெருக்கும், பெல்ட் மேலேறும், கியர் கூடியதற்குச் சமமான விளைவு கிடைக்கும். பின் கப்பியோடு இருக்கும் கிளட்ச் ஷூக்கள், இன்ஜின் போதிய வேகத்தில் சுற்றினால்தான் விரிந்து பெல் என்கிற கிண்ணத்தைப் பற்றும். நான் ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடி வளைவில் மிகவும் மெதுவாக வந்தபோது ஷூக்கள் சுருங்கி, பிடி விட்டுப்போனது. அதன்பின் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. கிணற்றுக்குள் விட்ட வாளி போல வண்டி இறங்கியது.

ஒவ்வொரு வளைவையும் தாண்டியதும் ஆக்சிலரேட்டரை ஒரு நொடி லேசாகத் திருப்பினால் ஷூக்கள் மீண்டும் பற்றிக்கொள்ளும். பிறகு மூடினாலும், வேகம் மிகவும் குறையாத வரை இன்ஜின் வண்டியைப் பிடித்திழுக்கும். இரண்டு பிரேக்குகளையும் விட்டு விட்டு அழுத்த வேண்டும், தொடர்ந்து அழுத்தக் கூடாது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரைத் திருப்புவது முதலில் அறிவுக்கு ஒவ்வாததாகத் தோன்றும். மறுமாதமே ஏலகிரிக்கு மீண்டும் போய் இதைச் செய்து பார்த்தேன். பொன்னேரியில் வண்டியை நிறுத்தி டிரம் அருகே கையைக் கொண்டுபோனபோது சூடு இருந்தது, வாசனை இல்லை. ஸ்கூட்டர் விற்பவர்கள் இதை ஒரு காகிதத்தில் அச்சிட்டாவது வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன். நம் பக்கத்தில் மலை இல்லாத திசை எது?

நெடும்பயணத்தில் இந்த வண்டிக்கு ஒரு உண்மையான குறை உண்டு. பெட்ரோல் தொட்டி ஐந்தரை லிட்டர்தான். 65 வேகத்தில் எனக்கு லிட்டருக்கு 42 கிலோமீட்டர் கிடைக்கிறது. 90இல் ஓட்டினால் 34. ஆகவே வேலூரிலிருந்து 210 கிலோமீட்டர் தூரமுள்ள பெங்களூருக்கு ஒரே தொட்டியில் போகலாம் என்று நம்பக் கூடாது. நான் கிருஷ்ணகிரியில் நிரப்பிக்கொள்கிறேன். சீட்டுக்கு அடியில் 24 லிட்டருக்குச் சற்று அதிகமான இடம் இருக்கிறது. கனமான பொருள்களை அங்கேயும் காலருகிலும் வைத்துவிட்டு, பின்னால் பொருத்தும் பெட்டியில் துணிமணி மட்டும் வைப்பேன். பெட்டி பின் அச்சுக்கும் பின்னால் நிற்பதால் அதில் கனம் ஏறினால் முன் சக்கரம் லேசாகிவிடும், நெடுஞ்சாலையில் கைப்பிடி மெல்ல நடுங்கத் தொடங்கும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிகளுக்குக் கட்டணம் கிடையாது. இடது ஓரத்துக் குறுகிய வழியில் மட்டும் பெட்டிகளின் அகலத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பயணம் ஜவ்வாது மலையைச் சுற்றி வருவதுதான். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஆலங்காயம். அங்கிருந்து மலையேறி, 2.3 மீட்டர் தொலைநோக்கி உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தைக் கடந்து ஜமுனாமரத்தூர். பிறகு போளூருக்கு இறங்கி, கண்ணமங்கலம் வழியாக வீடு. விடியற்காலையில் கிளம்பினால் மாலைக்குள் முடித்துவிடலாம். 2024 கார்த்திகையில் என் மனைவியின் தம்பி தன் கியர் பைக்கில் உடன் வந்தார். காவலூர்க் காட்டுச் சாலையில் அவர் நான்காவது கியருக்கும் இரண்டாவது கியருக்கும் இடையே ஓயாமல் ஏறியிறங்கிக்கொண்டிருக்க, நான் மரங்களைப் பார்த்தபடி போனேன். ஜமுனாமரத்தூரில் சாமையும் தேனும் வாங்கிச் சீட்டுக்கு அடியில் வைத்தோம். போளூர் இறக்கத்தில் டிரம் சூடாகாமல் வந்தேன்.

கண்ணமங்கலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பாக, வண்டியின் இடப்பக்கத்தில் பட பட என்று ஓர் ஒலி கேட்டது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே வண்டி நின்று எடுக்கையில் சற்று உதறியதை நான் பொருட்படுத்தவில்லை. அடுத்த நிமிடம் இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. பின்னால் வந்த மைத்துனர் நிறுத்தி, "மாமா, ரப்பர் தீயிற வாசனை அப்பவே அடிச்சுது, லாரியிலேருந்து வருதுன்னு நெனச்சேன்" என்றார்.

கண்ணமங்கலம் வரை, குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கிருந்த மெக்கானிக்கிடம் விட்டோம். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அவருக்கு. மூடியைக் கழற்றும் முன் டார்ச் அடித்துக் காட்டினார்: போல்ட்டுகளின் தலையில் மண்ணும் எண்ணெயும் இறுகிக் கல்லாகியிருந்தன. "அண்ணா, இத யாருமே தொறந்து பாக்கல. பாருங்க, மண்ணு அப்டியே கீது" என்றார். மூன்று மாதம் முன்பு, வண்டி 40,000 கிலோமீட்டரைத் தாண்டியபோது, ஊரில் நான் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் பெல்ட்டைச் சோதிக்கச் சொல்லி, "நல்லா இருக்கு சார், இன்னும் பத்தாயிரம் ஓடும்" என்ற பதிலைக் கேட்டு, சோதித்ததற்குக் கூலியும் கொடுத்திருந்தேன். மூடி திறந்தபோது உள்ளே பெல்ட் நூல்நூலாகப் பிரிந்து, வேரியேட்டர் என்கிற முன் கப்பியைச் சுற்றிக் கிடந்தது. ரோலர்கள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தன. பெல்ட்டின் மேல் குற்றம் இல்லை. தன் ஆயுளுக்கு மேல் அது உழைத்திருந்தது. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது அறுந்திருந்தால், துண்டுகள் பின் சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கையில் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. திறக்காத மூடிக்குக் கூலி வாங்குவது சிறிய ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை.

பைக்கில் செயின் தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். ஸ்கூட்டரில் எல்லாம் மூடிக்குள் நடக்கிறது. அதனால் இப்போது என் வழக்கங்கள் சில மாறியிருக்கின்றன. மூடியைத் திறக்கும்போது நான் அருகில் நிற்கிறேன். பெல்ட்டின் அகலத்தை அளக்கச் சொல்லி எழுதிக்கொள்கிறேன். பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால், கையேடு சொல்லும் தூரம் வராவிட்டாலும் மாற்றிவிடுகிறேன். ரோலர்களையும் பெல்ட்டோடு சேர்த்தே மாற்றுகிறேன். நின்று எடுக்கும்போது உதறல் வந்தால் அன்றே பார்க்கிறேன். பெல்ட் பெட்டிக்குக் காற்று போகும் வழியில் உள்ள பஞ்சை ராணிப்பேட்டைத் தூசிக்காக மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்கிறேன், ஏனென்றால் உள்ளே சூடு சேர்ந்தால் ரப்பர் சீக்கிரம் மாள்கிறது. கிக்கர் இல்லாத வண்டி என்பதால் பேட்டரியை மூன்றாம் ஆண்டிலேயே மாற்றிவிட்டேன்.

கண்ணமங்கலத்து இளைஞரிடம் அன்று அந்த அளவு பெல்ட் இல்லை. மைத்துனர் தன் பைக்கில் வேலூர் போய் வாங்கி வந்தார். இரவு எட்டரைக்கு வண்டி ஓடியது. கட்டைவிரல் வலி போய் இப்போது மூன்று ஆண்டாகிறது. சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டின் கீழே, பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு புதிய பெல்ட்டும் ஆறு ரோலர்களும் எப்போதும் இருக்கின்றன. கண்ணமங்கலம் வழியாகப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடையில் நின்று, இடப்பக்க மூடியைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறேன்.